வண்டியைத் திருப்பி நிறுத்தியவர்

அவ்வளவு மரியாதையான மனிதரை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. இனிமேல் பார்க்கவும் வேண்டாம் சாமி.

பீளமேட்டில் ஒரு முட்டுச்சந்தில் நாங்கள் நான்கு வருடம் குடியிருந்தோம். மூடிக்கிடந்த பழைய மில் ஒன்றின் பின்மதிலில் போய் முட்டி நின்றுவிடுகிற சந்து. அவர் வீடு எங்கள் வீட்டுக்கு நேர் எதிர். சந்துக்குள் ஒரு கார் நுழைந்தால் நடந்து வருகிறவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான் அகலம். எழுபதைத் தாண்டியவர். ஒல்லி. வெள்ளை அரைக்கைச் சட்டையும் காக்கி பேண்ட்டும் போட்டிருப்பார். முப்பது வருடம் ஒரு மில் முதலாளிக்குக் கார் ஓட்டியவர். வேலை போய் எத்தனையோ காலமாகியும் காக்கியை மட்டும் விடவில்லை.

கோயமுத்தூரில் மரியாதைக்குப் பஞ்சமில்லை, எல்லாருமே 'ங்க' போட்டுத்தான் பேசுவோம், திட்டுவதாக இருந்தாலும். ஆனால் அவருடைய மரியாதை வேறு ரகம். கேட்டருகே படுத்திருக்கும் தெருநாயை விரட்டும்போதுகூட, "சித்த அக்கட்டால போய்ப் படுங்க" என்பார். பால் பாக்கெட் போடுகிறவர் ஒரு நாள் கை தவறி ஒரு பாக்கெட்டைக் கீழே போட்டு உடைத்துவிட்டார். மன்னிப்புக் கேட்டது அவரில்லை, இவர். "நான் நேரத்தோட வந்து வாங்கியிருக்கோணுமுங்க, என்ற தப்புங்க." பெங்களூரில் இருக்கும் பெற்ற மகனிடம் போனில் பேசும்போதும், "சாப்புட்டீங்களா கண்ணு?" என்றுதான் கேட்பார். எங்கள் வீட்டுக்கு ஏதாவது கேட்க வந்தால் செருப்பைப் படியில் விடமாட்டார், கேட்டுக்கு வெளியிலேயே விட்டுவிட்டு வருவார்.

இப்படி ஊருக்கெல்லாம் 'ங்க' போட்டவர் ஒரே ஒருத்தரிடம் மட்டும் போடவில்லை, பெண்டாட்டியிடம். அந்தம்மாவைக் கூப்பிடுவது "ஏ, இந்தா." அவ்வளவுதான். அந்தம்மா என்ன சொன்னாலும், "உனக்கு ஒண்ணுந் தெரியாது, சும்மா கெட." ஆரம்பத்தில் இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எந்த வீட்டில்தான் இல்லை?

இனி அந்த வண்டி. மில்லை மூடியபோது முதலாளி இவர் கையில் சாவியைக் கொடுத்து, "வண்டிய நிக்க விட்டுறாதப்பா" என்றாராம். வெள்ளை நிற டீசல் கார், கொடுக்கும்போதே அதற்கு வயதாகியிருந்தது. கொஞ்ச நாள் ஓட்டினார். பிறகு சர்க்கரை கண்ணில் இறங்கி, எதிரில் வருவது ஆளா கம்பமா என்று தெரியாத நிலை வந்ததும் ஓட்டுவதை விட்டுவிட்டார். நாங்கள் குடிவந்த காலத்தில் அந்த வண்டி எங்கேயும் போவதில்லை. போர்ட்டிகோவில் மூக்கை உள்ளே விட்டபடி நிற்கும். ஆனால் தினமும் காலை ஆறு மணிக்கு ஸ்டார்ட் ஆகும்.

ஆறு என்றால் ஆறு. பானெட்டில் இரண்டு தட்டுத் தட்டி, "எந்திரிக்கலாமுங்களா?" என்று வண்டியையும் மரியாதையாகக் கேட்டுவிட்டுச் சாவியைத் திருகுவார். முதலில் ஒரு கனைப்பு, அப்புறம் குப்பென்று கரும்புகை. அணைக்காமல் அரை மணி நேரம் ஓடவிடுவார். முப்பது வருடமாக ஆறு மணிக்கு வண்டியைச் சூடேற்றி, ஆறரைக்கு முதலாளி வீட்டு வாசலில் நிறுத்திய பழக்கம். முதலாளி போய்ச் சேர்ந்துவிட்டார், மில் போய்விட்டது, இவர் கண்ணும் போய்விட்டது. ஆனால் அந்த ஆறு மணி மட்டும் போகவில்லை. வண்டி ஓடுகிற அரை மணியும் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், யாரோ வந்து பின்சீட்டில் ஏறப்போகிற மாதிரி.

வண்டியின் புகைக்குழாய் சந்தைப் பார்த்து இருந்தது. சந்துக்கு இந்தப் பக்கம் எங்கள் முன்னறை ஜன்னல். அந்த அறையில்தான் எங்கள் மகள் படுப்பாள். அப்போது அவளுக்கு ஏழு வயது. கைக்குழந்தையிலிருந்தே மூச்சிழுப்பு. வேறு அறையில் படுக்க வைப்பதுதானே என்பீர்கள். வீடே ஒரு முன்னறையும் சமையலறையும்தான், எங்கே கொண்டுபோய்ப் படுக்க வைப்பது? ஜன்னலைச் சாத்தினாலும் வரும். வாடகை வீட்டு ஜன்னல், சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவில் விரல் நுழையும். இடுக்குகளில் பழைய துணியைத் திணித்து வைத்தேன். காலையில் எடுத்துப் பார்த்தால் துணியில் கரி.

டாக்டர் எங்களையும் ஒரு பிடி பிடித்தார். "புகையை வீட்டுக்குள்ள வெச்சுக்கிட்டு மருந்து மட்டும் கேட்டா எப்படி?" என்று. என் கணவர் கல்யாணத்துக்கு முன்னாலிருந்து வைத்திருந்த பைக் ஸ்டார்ட் ஆனால் சந்தே நீலமாகிவிடும். அந்த பைக்மேல் அவருக்கு உயிர். ஆனாலும் ஒரே வாரத்தில் தள்ளிவிட்டோம். கல்லூரி அலுவலகத்தில் என் வேலை, பக்கம்தான். ஒரு எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கினோம். எனக்குப் பெருமை தாங்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். சிக்னலில் நிற்கும்போது பக்கத்து வண்டிக்காரர்களையெல்லாம் ஒரு பார்வை பார்ப்பேன். நானெல்லாம் யார் மூக்கிலும் புகை விடாதவள் என்கிற பார்வை.

ஸ்கூட்டர் வந்த அன்று அவர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"சத்தமே இல்லீங்களே அம்மணி. பின்னால நீங்க வாரது எப்படிங்க தெரியும்? வயசானவங்க நடக்கற சந்துங்க."

மறுநாள் ஒரு சின்ன வெண்கல மணியோடு வந்தார். பழைய மாட்டு மணி. அதை என் ஸ்கூட்டர் கண்ணாடிக் கம்பியில் அவரே கட்டிவிட்டு, ஆட்டிக் காட்டி, "இப்ப யாருக்கும் தொந்தரவில்லீங்க" என்றார். மற்றவர்களுக்குத் தொந்தரவாகிவிடக் கூடாது என்பதில் அவ்வளவு அக்கறை!

முதல்முறை புகையைப் பற்றிச் சொல்லப் போனபோது நாற்காலியைத் துடைத்துப் போட்டு, காபி போட்டுக்கொடுத்தார். அந்தம்மாவை அன்றுதான் அருகில் பார்த்தேன். பக்கவாதம், இடது பக்கம் வேலை செய்யாது. போர்ட்டிகோவை ஒட்டிய அறையில், ஜன்னலோரம் கட்டில். அந்தம்மாவும் மில்காரர்தான், நூல் பிரிவில் இருபது வருடம். பஞ்சைச் சுவாசித்துச் சுவாசித்துப் பாழான நெஞ்சு. பேசும்போதே மூச்சு விசில் அடிக்கும். நான் விஷயத்தைச் சொல்லி முடித்ததும் பெரியவர் எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து வந்தார். லேமினேட் செய்த புகைப் பரிசோதனைச் சான்றிதழ். அதற்கு மட்டும் டாக்சி ஸ்டாண்டிலிருந்து ஒரு டிரைவரை அழைத்து வண்டியைக் கொண்டுபோய் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் எடுத்துவிடுவாராம்.

"எல்லாம் கரெக்டா இருக்குதுங்க அம்மணி. பாருங்க, சீல் கூட இருக்குதுங்க."

"எனக்குக் காகிதம் வேண்டாமுங்க ஐயா. என்ற புள்ளைக்கு மூச்சு வேணுமுங்க."

"சரிங்க அம்மணி" என்றார்.

அவருடைய 'சரிங்க'வுக்கு அர்த்தம் எனக்கு அடுத்த நாள் காலை ஆறு மணிக்குத் தெரிந்தது. கனைப்பு, குப், புகை.

பிறகு என் கணவர் ஒரு மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டு வந்து, ஓட்டாத வண்டிக்குத் தினமும் ஸ்டார்ட் போட வேண்டியதே இல்லை, பேட்டரி வயரைக் கழற்றி வைத்தால் போதும் என்றார். நான் போய்ச் சொன்னேன். "அருமையான யோசனைங்க" என்று கும்பிடே போட்டார். மறுநாள் ஆறு மணிக்கு வழக்கம்போல வண்டி கனைத்தது. கோபமாக வெளியே வந்தேன்.

"நீங்க சொன்னபடியே கழட்டி வெச்சனுங்க அம்மணி. ராத்திரி பூராவும் கழட்டித்தான் இருந்துச்சுங்க. இப்பத்தான் மாட்டுனனுங்க."

சிரிப்பதா அழுவதா சொல்லுங்கள். தினமும் இரவு கழற்றி, காலையில் மாட்டி ஸ்டார்ட் செய்திருக்கிறார் மனிதர். சொன்னதைச் செய்வார். எதற்காகச் சொன்னோம் என்பது மட்டும் அவர் காதுக்குள் போகவே போகாது. முப்பது வருடம் முன்சீட்டில் உட்கார்ந்து பின்சீட்டுப் பேச்சைக் காதில் வாங்காமல் பழகிய காது. வலது என்றால் வலது, இடது என்றால் இடது.

மகனும் சொல்லிப் பார்த்திருக்கிறார். பழைய வண்டியை உடைக்கப் போட்டுவிடுங்கள், நான் ஒரு எலக்ட்ரிக் கார் வாங்கித் தருகிறேன், டிரைவர் வைத்து அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகலாம் என்று. அதற்கும் "சரிங்க கண்ணு"தான். உடைக்கிற கடையிலிருந்து ஆள் வந்தபோது காபி கொடுத்து, குடும்பத்தையெல்லாம் விசாரித்து, கேட் வரைக்கும் கூட வந்து வழியனுப்பி வைத்தார். வண்டி நின்ற இடத்திலேயே நின்றது.

அந்த ஐப்பசியில் மழையும் குளிருமாக இருந்தது. ஒரு நாள் காலை ஆறேகாலுக்கு மகளுக்கு இழுப்பு வந்தது. அதுவரைக்கும் வந்த மாதிரியில்லை. உதடு நீலம் பூத்துவிட்டது. விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வருகிறது. நெபுலைசர் வைத்தும் அடங்கவில்லை. கணவர் நைட் ஷிப்டில் இருந்தார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தேன். சந்து முழுக்கப் புகை. புகைக்கு நடுவில் அவர் ஓடுகிறார், வண்டியின் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கிறார், முதலாளி வீட்டு அம்மாவுக்குத் திறந்து பிடிக்கிற மாதிரி.

"ஏறுங்க அம்மணி. ஆஸ்பத்திரிக்குப் போயிரலாமுங்க. வண்டி சூடாத்தான் இருக்குதுங்க."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"கண்ணு தெரியாத நீங்க ஓட்டி, எங்களையும் சேத்துக் கொல்லறதுக்குங்களா? இந்த வண்டியாலதானுங்க எம்புள்ள சாகுது! அந்தக் கொழாய உங்க ஊட்டுப் பக்கம் திருப்பி வெச்சுக்கங்க! உங்க புகைய நீங்களே குடிங்க!"

அதிலும் பாருங்கள், அத்தனை 'ங்க'. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சந்து முனைக்கு ஓடி ஆட்டோ பிடித்தேன். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பினோம்.

திரும்பி வந்த மறுநாள் காலை ஆறு மணிக்கு முன்னாலேயே சத்தம் கேட்டது. எழுந்து ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வண்டி சந்தில் நின்றது. அவர்தான் ஸ்டியரிங்கில். கண் தெரியாத மனிதர், அந்தக் குறுகலில், முன்னே ஒரு அடி பின்னே ஒரு அடி என்று ஒடித்து ஒடித்து வண்டியைத் திருப்பி, பின்பக்கத்தை உள்ளே விட்டு, போர்ட்டிகோ சுவருக்கு ஒரு சாண் மிச்சம் வைத்து நிறுத்தினார். எங்கும் ஒரு உரசல் இல்லை. சும்மா சொல்லக் கூடாது, அது கைதான் கை. இறங்கி, எங்கள் ஜன்னலைப் பார்த்துக் கும்பிட்டார்.

"நீங்க சொன்னபடியே திருப்பிப்போட்டனுங்க அம்மணி. இனி பாப்பாவுக்குத் தொந்தரவில்லீங்க."

இப்போது புகைக்குழாய் அந்தம்மாவின் ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தது.

எனக்குத் தெரியுமா என்றால், தெரியும். அந்த அறையில் உட்கார்ந்து காபி குடித்தவள் நான். அந்த ஜன்னல் எந்நேரமும் திறந்திருக்கும் என்பதும் தெரியும். படுத்த படுக்கையாய் இருப்பவருக்கு நல்ல காற்றோட்டம் வேண்டும் என்று டாக்டர் சொன்னதால், அவர் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அந்த ஜன்னல் கதவுகளை விரியத் திறந்து கொக்கி மாட்டுவார். அடுத்த வேலை வண்டியை ஸ்டார்ட் செய்வது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. ஜன்னலிலிருந்து நகர்ந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தேன்.

அதற்குப் பிறகு மகள் தூங்கினாள். ஐயோ, அந்தத் தூக்கத்தை எப்படிச் சொல்வேன்! ஏழு வருடத்தில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு, மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு தூங்கினாள். ஒரு மாதம் ஆயிற்று, இரண்டு மாதம் ஆயிற்று, நெபுலைசர் மேல் தூசு படிந்தது. பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயத்தில் பேர் கொடுத்துவிட்டு வந்து நின்றாள். கடைசியாகத்தான் வந்தாள், ஆனால் ஓடி முடித்தாள். நானும் கணவரும் மைதானத்திலேயே அழுதோம்.

தை மாதம் ஒரு சனிக்கிழமை, அவர் மருந்து வாங்கப் போயிருந்த நேரம், அந்தம்மா ஜன்னலிலிருந்து வலது கையை ஆட்டி என்னைக் கூப்பிட்டார். போனேன். ஆள் பாதியாகியிருந்தார். தலையணை மேல் ஒரு வெள்ளைத் துண்டு. மூக்கைத் துடைத்த இடமெல்லாம் கறுப்பு. மூச்சு முன்புபோல விசிலடிக்கவில்லை, அறுத்தது.

"கண்ணு, உங்கிட்ட ஒண்ணு கேக்கோணும்" என்றார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று நின்றுதான் பேச முடிந்தது. "காலையில அந்தப் புகை பூராவும் இங்கதான் வருது. எந்திரிச்சுச் சன்னலச் சாத்த என்னால ஆகறதில்ல. சாத்துன்னு சொன்னா, காத்து வேணுமல்ல, சும்மா கெடங்கறாரு."

"வண்டிய நிறுத்தச் சொல்லுங்கம்மா."

"நான் சொன்னாக் கேக்கறவராக்கும்? நாப்பத்தஞ்சு வருசமா நான் சொல்லி ஒண்ணுங் கேட்டதில்ல. நீ சொன்னாக் கேப்பாரு. நீ சொல்லித்தான திருப்புனாரு? நீயே ஒருக்காச் சொல்லிரு கண்ணு. ஊட்டுக்காரிக்கு மூச்சு முட்டுதுன்னு சொல்லு. வெளியாளு சொன்னா அவருக்கு அது உத்தரவு மாதர."

"சொல்றனுங்கம்மா" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையில் எலும்புதான் இருந்தது.

சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். அன்று சாயங்காலம் கேட்டருகே அவரைப் பார்த்ததும் "ஐயா" என்றேன். "சொல்லுங்க அம்மணி" என்று நின்ற இடத்திலேயே நேராக நின்றார். அந்த நொடியில் எனக்கு அவருடைய மூளை ஓடுகிற விதம் தெளிவாகத் தெரிந்தது. புகை அங்கே போகிறது என்று சொன்னால் வண்டியை அணைக்க மாட்டார். 'சரிங்க' என்று சொல்லிவிட்டு மறுநாள் மறுபடி எங்கள் பக்கம் திருப்புவார். அவருக்குத் தெரிந்தது திசை மட்டும்தான். ஆகவே ஒரு பக்கம் அந்தம்மா, இன்னொரு பக்கம் என் மகள்.

"ஒண்ணுமில்லீங்க. பாப்பா நல்லா இருக்கறா, அதச் சொல்லத்தானுங்க" என்றேன்.

"ரொம்பச் சந்தோசமுங்க அம்மணி" என்றார். உண்மையிலேயே முகம் மலர்ந்து சொன்னார்.

இன்னொரு வழியும் இருந்தது. பெங்களூர் மகனுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். நம்பர் என்னிடம் இருந்தது. நானே தினமும் காலையில் போய் அந்த ஜன்னலைச் சாத்தியிருக்கலாம், பத்து அடி தூரம். ஜன்னலைச் சாத்தும்போது ஏன் என்று அவர் கேட்பார், பேச்சு வளரும், வண்டி திரும்பும். அதனால் ஒன்றும் செய்யவில்லை. நாளைக்குப் பார்க்கலாம், இந்த வாரம் போகட்டும், பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும் என்று தள்ளினேன்.

வேலைக்குக் கிளம்பும்போது அந்தம்மா ஜன்னலிலிருந்து என்னையே பார்ப்பார். வீட்டுக்குள்ளேயே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வெளியே வரப் பழகினேன். ஸ்கூட்டரில் கட்டியிருந்த மணியை அவிழ்த்து டிக்கிக்குள் போட்டேன். எலக்ட்ரிக் வண்டி எவ்வளவு வசதி என்று அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது, ஒருத்தருக்கும் தெரியாமல் வாசலைத் தாண்டிவிடலாம்.

ஆனால் மகள் அங்கே போவாள். அந்தம்மாவைப் பாட்டி முறை வைத்து 'அம்மிச்சி' என்றுதான் கூப்பிடுவாள். மற்ற பிள்ளைகளைப் போல ஓடித் திரிய முடியாமல் கிடந்த காலத்தில் அவளுக்கு ஜன்னல் வழியாகக் கதை சொன்னது அவர்தான். ஒரு நாள் போய்விட்டு வந்து, "அம்மிச்சி உங்கிட்டக் கேக்கச் சொன்னாங்கம்மா, சொல்லிட்டியான்னு" என்றாள்.

நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். திரும்பாமலே சொன்னேன்: "சொல்லிட்டேன்னு சொல்லு."

ஓடிப்போய்ச் சொல்லிவிட்டு ஓடி வந்தாள். மூச்சுகூட வாங்கவில்லை.

"அம்மா, அம்மிச்சி, 'சொல்லியுமா அந்த மனுசன் கேக்கல?'ன்னு கேட்டாங்க. அப்பறம் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாங்க."

"தோசை ஆறிப்போகுது, சாப்பிடு" என்றேன்.

அதற்குப் பிறகு ஒரு மாதம்தான். அந்த ஒரு மாதமும் எதிர்வீட்டில் அவருடைய குரல் மட்டும்தான் கேட்டது. "ஏ, இந்தா, கஞ்சி குடிக்கறியா?" பதில் வராது. "ஏ, உன்னத்தான்." பதில் வராது. ஆறு மணிக்கு ஜன்னல் கொக்கி மாட்டுகிற சத்தம், பானெட்டில் இரண்டு தட்டு, கனைப்பு. எங்கள் பக்கம் காற்று சுத்தமாக இருந்தது.

மாசியில் அந்தம்மாவைத் தூக்கிக்கொண்டு ஆம்புலன்ஸ் போனது. நான்காம் நாள் உடலாகத்தான் திரும்பி வந்தார். நெஞ்சுச்சளி, பக்கவாதக்காரர்களுக்கு வருவதுதான் என்று டாக்டர் சொன்னதாக மகன் சொன்னார். இருக்கலாம். மில் பஞ்சாகவும் இருக்கலாம். நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்தத் துண்டைப் பார்த்தவள் நான். யார் மூக்கிலும் புகை விடாத வண்டி ஓட்டுகிறவள், ஒரு பொம்பளையின் மூக்கில் தினமும் அரை மணி நேரம் புகை போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்கு எந்தப் புகைப் பரிசோதனை நிலையத்திலும் சர்டிபிகேட் கொடுக்க மாட்டார்கள்.

சாவுக்கு வந்தவர்கள் ஒவ்வொருவரிடமும் அவர் கையெடுத்துக் கும்பிட்டு, "இந்த வெய்யில்ல உங்களுக்குச் சிரமங் குடுத்துப்போட்டமுங்க" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் போனபோது, "கடைசி வரைக்கும் நல்லாக் காத்தோட்டமா வெச்சிருந்தனுங்க அம்மணி" என்றார். நான் அந்த ஜன்னல் பக்கம் பார்க்காமல் திரும்பி வந்தேன்.

மகன் கூட இருந்த நாட்களில் வண்டியைத் தொடவில்லை. காரியமெல்லாம் முடிந்து மகன் பெங்களூர் போன மறுநாள் காலை ஆறு மணிக்குக் கனைப்புக் கேட்டது. இரண்டு நிமிடம்கூட ஓடியிருக்காது, நின்றுவிட்டது. அப்படி நின்று நான் கேட்டதே இல்லை. எட்டிப் பார்த்தேன். அவர் எங்கள் கேட்டுக்கு வெளியே செருப்பை விட்டுக்கொண்டிருந்தார்.

கதவைத் திறந்தேன்.

"தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோணுமுங்க அம்மணி. பாப்பா தூங்கறாளுங்களா?"

"தூங்கறாளுங்க ஐயா."

"இழுப்பு ஏதுமில்லையல்லங்க?"

"இல்லீங்க."

"அது போதுமுங்க." சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றார். பிறகு சொன்னார்: "ஒண்ணு கேக்கோணுமுங்க. வேற யார்கிட்டயும் கேக்க முடியலீங்க. கடைசி ஒரு மாசம் அவ என்றகூடப் பேசவே இல்லீங்க. ஒரு வார்த்தை இல்லீங்க. ஆஸ்பத்திரியில சாவறப்பக்கூட நான் கையப் பிடிச்சன், உருவிக்கிட்டாளுங்க. நாப்பத்தஞ்சு வருசத்துல அப்படிப் பண்ணுனதே இல்லீங்க. நான் என்ன தப்புப் பண்ணுனேன்னு எனக்குத் தெரியலீங்க அம்மணி. தெரிஞ்சிருந்தாத் திருத்தியிருப்பனுங்க." அந்த மங்கிய கண்களால் என் முகத்தைத் தேடினார். "நீங்க ஒருக்கா வந்து பேசிட்டுப் போனீங்கன்னு சந்துல சொன்னாங்க. உங்ககிட்ட ஏதாச்சுஞ் சொன்னாளுங்களா?"

உள்ளே மகள் புரண்டு படுத்தாள். வாயை மூடி, மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

"இல்லீங்க ஐயா" என்றேன். "எங்கிட்ட ஒண்ணும் சொல்லலீங்க."

"சரிங்க அம்மணி" என்றார். "ஞாபகம் வந்தாச் சொல்லுங்க." கும்பிட்டுவிட்டு, குழந்தை எழுந்துவிடுமே என்று எங்கள் கேட்டைச் சத்தம் வராமல் சாத்திக்கொண்டு போனார்.